முப்பதாம் நிமிடம்

ஆரப்பாளையத்தில் ஏறும்போது
எனக்கு டிக்கெட் இல்லை, பெட்டிக்கு உண்டு.
மீன் வளர்க்கவா என்கிறார் கண்டக்டர்.
ஆமாம் என்றுவிடுவது சுலபம்.
சேறு விடும் மூச்சைப் பிடிக்க என்றால்
மேலக்கால் வரைக்கும் விளக்க வேண்டும்.

முள்ளிப்பள்ளத்தில் ஒச்சம்மாளின் குத்தகை வயல்.
நாலு குத்து நாற்றைச் சுற்றி
நடவன்றே பதித்த இரும்புச் சட்டம்.
அதன் காடியில் தண்ணீர் ஊற்றி
கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து
உள்ளே சின்ன விசிறியைச் சுற்றவிட்டு
முதல் ஊசி.
பத்தாம் நிமிடம் இரண்டாவது.
இருபதில் ஒன்று.
முப்பதில் கடைசி.
வெயிலில் தூக்கிப் பார்த்தால்
சிரிஞ்சுக்குள் எதுவுமே தெரியாது.
அந்த எதுவுமேவுக்கு எண் எழுதி, மூடியிட்டு
தெர்மாகோல் பெட்டியில் அடுக்குகிறேன்.

நீருக்கடியில் காற்றுப் புகாத மண்ணில்
கண்ணுக்குத் தெரியாதவை தின்று விடும் ஏப்பம் அது.
நெல்லின் தண்டுதான் அதற்குப் புகைபோக்கி.
படித்த அன்று
இரவுச் சோற்றை வெறித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

"எம் வயலு மூச்சு விடுறதுக்கு
எனக்கு அபராதம் போடுவீகளா?"
இல்லக்கா என்றேன்.
"அப்ப கொறச்சா காசு குடுப்பீகளா?"
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இருபத்திரண்டாம் நிமிடம்.
ஊசிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்
எப்போதும் தண்ணீர் நிற்கும்.
அந்தப் பக்கம் ஓட்டை போட்ட குழாய் ஒன்றை நட்டு
நீர் ஒரு சாண் கீழே இறங்கிய பிறகே
மறுபாய்ச்சல்.
காகிதத்தில் எழுத மூன்று வரி.
முறைத்தண்ணீர் என் குழாயைக் குனிந்து பார்த்துவிட்டா வருகிறது?
மடை திறந்த அன்று வாங்காதவளுக்கு
அடுத்த முறை எப்போது என்று
எந்த அதிகாரியும் சத்தியம் செய்யவில்லை.

இருந்தும் காயப்போட்டாள்.
மீத்தேன் பாதியாய் இறங்கியது.
கோரை ஏறியது.
மூன்று ஆள், இரண்டு நாள் களையெடுப்பு.
என் அட்டவணையில் கோரைக்குக் கட்டம் கிடையாது.
கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒன்று உண்டு;
அங்கே 'ஆறு கூலி' என்று எழுதினேன்,
இடுக்கி இடுக்கி.

ஐப்பசி மழைக்கு மறுநாள்
பலகை வழுக்கி
என் இடது கால் முழங்கால் வரை சேற்றில்.
பெட்டிக்குள் பொளபொளவென்று குமிழ்கள்.
ஆய்வகத்திலிருந்து ஷமீமா கூப்பிட்டாள்:
"ஏழாம் நம்பர் மூணு மடங்குடி,
வித்தியாசம் அழகா வருது!"
அழகாகத்தான் இருந்தது.
ஐம்பத்தெட்டு கிலோ நான்
வரைபடத்தில் ஒரு முள்ளாக நட்டுக்கொண்டு நின்றேன்.
சிவப்புப் பேனாவால் அடித்தேன்.
அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தை கடைசியில் போனபோது
ஒப்பீட்டுக்கு வைத்திருந்த எதிர் வயலில்
கிராவல் கொட்டியிருந்தது.
மஞ்சள் கற்கள், நம்பர் எழுதி.
கயிற்றில் படபடக்கும் தாள்கொடிகள்.
இரும்புச் சட்டத்தை யாரோ
எடைக்குப் போட்டிருக்க வேண்டும்.

படிவம் மட்டும் மாறாமல் கேட்கிறது:
சதுர மீட்டருக்கு, மணிக்கு, எத்தனை மில்லிகிராம்?
பூஜ்யம் என்று எழுதிவிட்டு
பஸ்ஸைப் பிடிக்கலாம்.
அந்த வட்டாரத்திலேயே அதுதான் நல்ல எண்.
அறிக்கையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள்.

ஒச்சம்மாளின் வரப்பில் ஈர மண் அள்ளி வந்தேன்.
கிராவல் மேல் பெட்டியைக் கவிழ்த்து
சுற்றிலும் பூசினேன்.
முதல் ஊசி.
பத்தாம் நிமிடம் இரண்டாவது.

பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் வந்தார்,
சட்டைப் பையில் மடித்த வரைபடத்தோடு.
"எந்த பிளாட்டும்மா பார்க்குறீங்க?"

பெட்டிக்குப் பக்கத்துக் கல்லைப் பார்த்து
பதினேழு என்றேன்.

"கார்னர். நல்ல காத்து வரும்" என்றார்.

மூன்றாவது ஊசியை
மெல்ல இழுத்துக்கொண்டிருந்தேன்.